அடிபம்புத் தீர்மானம்

சங்கரன்கோவில்,
12-6-83

அன்பு மகள் முத்துமீனாளுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. கோமதியம்மன் துணையில் நானும் உன் அம்மாவும் இங்கே சௌக்கியம், நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். பேரனுக்குப் பல் முளைத்தது என்று எழுதியிருந்தாய், உன் அம்மா அந்த வரியைத் தெரு முழுக்க வாசித்துக் காட்டிவிட்டு வந்தாள். அங்கே வெயில் கொளுத்துகிறதாமே, பிள்ளையை உச்சிப்பொழுதில் வெளியே தூக்கிப் போகாதே. இங்கேயும் மழை பொய்த்துவிட்டது, சிவகிரிப் பக்கமே கிணறுகள் வறண்டுவிட்டதாகக் கேள்வி.

நம் தெருச் சங்கத்தில் அடிபம்பு போடத் தீர்மானம் வந்தது, அந்தக் கூத்தைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். போடப்போவது ஒன்றே ஒன்று. கீழ வரிசையில் ஒரு வீட்டிலும் கிணறு கிடையாது, அந்தப் பெண்கள் ரயில் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்த்தான் குடம் சுமக்கிறார்கள். சங்கரபாண்டி பெண்சாதி மாடத்தி நிறைமாதத்தோடு போய், ஜல்லியில் சறுக்கி விழுந்து, ரயில் வருவதற்குள் கூட வந்தவர்கள் அவளை இழுத்துப் போட்டார்கள். நம் மேல வரிசையிலோ உப்போ கலங்கலோ, நாலு வீட்டுக் கிணற்றில் கொஞ்சம் ஊறுகிறது. நீரோட்டம் பார்த்தவர் இரண்டு இடத்திலும் தண்ணீர் உண்டு என்றுதான் சொன்னார். ஆனாலும் செயலாளர் காசிராஜன், துளை போடும் போர் லாரி வந்து நிற்க மேல வரிசைதான் தோது என்று நம் வீட்டு வாசலிலேயே இடம் குறித்துவிட்டார். உன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், மூட்டு வலியோடு பக்கத்து வீட்டில் இறைத்துச் சுமக்கிறவள் அல்லவா, முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். கூட்டத்தில் மேல வரிசைதான் அதிகம், தீர்மானம் எப்படியும் நிறைவேறிவிடும் என்று தெரிந்தது. நானும் கையைத் தூக்கிவிட்டேன்.

ஏன் அண்ணாச்சி, வாசல்ல தண்ணி வருதுன்னா நியாயம் மறந்து போவுமோ என்று சங்கரபாண்டி எல்லார் முன்னாலும் கேட்டான். சுருக்கென்றுதான் இருந்தது, ஆனாலும் தூக்கின கையை இறக்கவில்லை. பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் ஆயுசெல்லாம் கூட்ட நடவடிக்கை எழுதியவன் நான், நம் சங்கத்துக்கு விதி எழுதிக் கொடுத்தவனும் நானே. நிறைவேறிய தீர்மானத்தை மறுபரிசீலனைக்கு எடுக்க வேண்டுமானால் அதற்கு ஆதரவாகக் கை தூக்கியவர்தான் கேட்க வேண்டும், எதிர்த்தவர் கேட்டால் செல்லாது. வேலை தொடங்குமுன் கேட்டுவிட்டால், மறு கூட்டம் வரை வேலையை நிறுத்தி வைக்க வேண்டும். துளை போட்டபிறகு என்ன கத்தினாலும் பூமியை மூட முடியுமா? மறுநாள் காலையிலேயே மறுபரிசீலனை கேட்டு நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காசிராஜன் திகைத்துப்போய், அண்ணாச்சி, நேத்து நீங்களும்தானே கை தூக்கினிய என்றார். தூக்கினதாலதான் கேக்கேன் என்றேன். லாரி வருவது நின்றது. நீயும் ஆபீசில் மேலதிகாரியோடு மல்லுக்கு நிற்காதே, முதலில் விதியைப் படி.

ஆனால் யானைக்கும் அடி சறுக்கும். வழிமொழிகிறவரும் ஆதரவாகக் கை தூக்கியவராகத்தான் இருக்க வேண்டும் என்று நானே எழுதி வைத்திருக்கிறேன், மேல வரிசையில் யாராவது ஒருவர் எழுந்திருக்கமாட்டாரா என்று இருந்துவிட்டேன். மறு கூட்டத்தில் மாடத்தி விழுந்ததை எடுத்துச் சொன்னேன், அவரவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழிமொழிய ஆள் இல்லாட்டா இது தள்ளுபடிதான் என்று காசிராஜன் பேனாவை எடுத்துவிட்டார். அப்போது பெண்கள் பக்கத்தில் உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நானும் கை தூக்கினவதான், நான் வழிமொழியுதேன் என்றாள். அவளிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை, சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற பயம். எனக்குக் கண் கலங்கிவிட்டது முத்து. அவளைப் பார்த்து மேல வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராகக் கை தூக்க, பம்பு கீழ வரிசைக்குப் போயிற்று. தண்ணீர் இளநீர் கணக்காக இருக்கிறது. மாடத்திக்குப் பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம்.

ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கட்டாயம் லீவு போட்டுவிட்டு வா. தாயும் பிள்ளையும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். பேரனுக்குச் சட்டை தைக்க அளவு அனுப்ப மறந்துவிடாதே, அம்மா தினம் கேட்கிறாள். இதை முடிக்குமுன்பே வாசலில் குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அன்று கூட்டம் முடிந்து வரும் வழியிலேயே, வழிமொழிஞ்சாச்சு, இனி கீழ வரிசையில போயித் தண்ணி எடுக்கது நீங்கதான் என்று தீர்மானம் போட்டுவிட்டாள். தெருவே வேடிக்கை பார்க்க நான்தான் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறேன். மறுபரிசீலனை கேட்கலாம் என்றால் வழியில்லை, அதற்கு நான் கை தூக்கவே இல்லையே.

இப்படிக்கு,
உன் அப்பா
தில்லைநாயகம்