ஆய்வகத்தில் வாய் தவறியது

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

கல்லூரிக்கு வந்து ஒரு மாதமாகியும் ஆசிரியர்களிடம் சந்தேகம் கேட்க வாயே வரவில்லை. நேற்று இயற்பியல் ஆய்வகத்தில் மீட்டர் முள் அசையவில்லை. பதற்றத்தில் பேராசிரியரைப் பார்த்து, "அப்பா, முள்ளு நகரல!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் வந்து, "ஒயர் லூசா இருக்கு பாரும்மா. இதக் கேக்கவா இவ்வளவு பயம்?" என்றார். இன்று நானாகப் போய் மூன்று சந்தேகம் கேட்டேன்.

நீங்கள் சிவப்பு மையில் திருத்திய என் பழைய செய்முறை நோட்டை அனுப்புங்கள். பாடத்துக்காகத்தான்.

மணி அடித்துவிட்டது. ஐந்து வருடம் உங்கள் வகுப்பில் உங்களை 'சார்' என்றே கூப்பிட்டேன். ஒருநாளும் வாய் தவறியதில்லை. இங்கே வந்துதான் தவறுகிறது.

உங்கள் மகள்