இடது ஓரத்தில் நிற்க ஓர் ஆள்

என் அப்பாவுக்கு,

நாளைக்குக் கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தியும் செவ்வந்தியும் வாங்கியாயிற்று. உங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தது அண்ணன்தான். நாளை அங்கே என் பக்கத்தில் நிற்பான். அவனை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. அதனால் இன்றே எழுதுகிறேன்.

அருள் அண்ணன் மழைக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டான். விருந்தாளியாக இல்லை. பையையும் மட்டைகளையும் தூக்கிக்கொண்டு, மொத்தமாக.

வரதராஜன்பேட்டையில் கோல்ஃப் என்றால் இன்னும் சிரிக்கிறார்கள். பெங்களூர் மைதானத்தில் நீங்கள் புல் வெட்டினீர்கள். அவன் அங்கேயே பந்து பொறுக்கினான், மற்றவர்களின் பை சுமந்தான், பிறகு மட்டையைப் பிடித்தான். ஒரு நாள் இந்திய சாம்பியன் ஆனான். அம்மாவும் நானும் இங்கே இருந்தோம். எனக்கு நீங்கள் கிறிஸ்துமஸுக்கு வருகிறவர். அவனுக்கு எல்லா நாளும் அப்பா.

நீங்கள் போன பிறகு அவன் எதையும் ஜெயிக்கவில்லை. முதலில் துக்கம் என்றார்கள். அப்புறம் வயது என்றார்கள். இப்போது யாரும் எதுவும் சொல்வதில்லை.

காலையில் நம் முந்திரித் தோப்புக்கு அப்பால், தரிசு நிலத்தில் அடித்துப் பார்க்கிறான். பந்து வலப்பக்கம் விலகி மரங்களுக்குள் போய்விடுகிறது. ஈரச் சருகைக் கிளறி நான்தான் தேடுகிறேன். போன வாரம் லூர்து மாமா ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"என்னடா அருளு, பாம்பு அடிக்கிறியா?"

"ஆமா மாமா. ஆட்டக் கொஞ்சம் ஓரமா ஓட்டுங்க, பட்டுடப் போவுது."

"எதுக்குடா ஓட்டணும்? நீ குறி பாக்குற எடத்துலயே மேயட்டும். அங்கதான் ஒண்ணும் வராது!"

அண்ணனும் சிரித்தான். சிரித்து முடித்து வெகுநேரம் மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே அது சுத்தமாகத்தான் இருந்தது.

பெரம்பலூரில் ஒரு பள்ளியில் அவனை விளையாட்டு ஆசிரியராகக் கூப்பிடுகிறார்கள். டிசம்பரில் ஒரு தகுதிப் போட்டியும் இருக்கிறது. அதில் தேறினால் மறுபடியும் பெரிய போட்டிகள். பெயர் கொடுக்க இந்த மாதம்தான் கடைசி.

"பந்து நேரா விழுந்தா பேர் குடுக்குறேன். இல்லன்னா ஸ்கூல்தான், பாப்பா" என்றான். "நீ போன்ல எடுக்குறியே, அதுல எதாச்சும் தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலண்ணே" என்றேன்.

தெரிகிறது அப்பா.

அவன் தலையைச் சீக்கிரம் தூக்குகிறான். அதை எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்லிவிட்டார்கள். அவனுக்கும் தெரியும். ஆனால் எதைப் பார்க்கத் தூக்குகிறான்? படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். கண் பந்து போகும் பக்கம் போகவில்லை. மட்டை பந்தைத் தொடும் முன்பே இடது ஓரத்துக்குப் போகிறது. ஒவ்வொரு முறையும் அதே இடம். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு முந்திரி மரம், அவ்வளவுதான்.

பழைய போட்டிகளின் படங்களை எடுத்துப் பார்த்தேன். அந்த ஓரத்தில், கூட்டத்துக்கு முன்னால், நீங்கள். வெள்ளைச் சட்டை. வலது தோளில் துண்டு. பந்து நல்ல இடத்தில் விழுந்தால் துண்டை இடது தோளுக்கு மாற்றுவீர்கள். கை தட்ட மாட்டீர்கள். அப்போதும் அவன் உங்களைப் பார்த்தான். ஆனால் அடித்து முடித்த பிறகு. நீங்கள் அங்கே இருப்பீர்கள் என்று தெரியும். அவசரம் இல்லை.

இப்போது முதலிலேயே தேடுகிறான். அவனுக்கே தெரியாமல்.

இதை ஏன் சொல்லவில்லை? சொன்னால் போய்விடுவான். இப்போது சாயங்காலம் அவனும் நானும் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து டீ குடிக்கிறோம். அவன் உங்களைப் பற்றிப் பேசுகிறான். நீங்கள் புல்வெளியில் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பீர்களாம். நண்டுக் குழம்புக்கு ஏங்குவீர்களாம். இதெல்லாம் எனக்குத் தெரியாது. உங்களை நான் இப்போதுதான் தெரிந்துகொள்கிறேன். அவன் தோற்றதால்.

அவனுடைய ஒவ்வொரு பந்தும் மரத்துக்குள் போகும்போது என் உள்ளே ஏதோ நிம்மதியாகிறது. அதை என்னவென்று சொல்வது? தங்கச்சி என்று சொல்லிக்கொண்டு.

நேற்று உங்கள் துண்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்தேன். கொடியில் போடும்போது அம்மா பார்த்துவிட்டாள்.

"அத எதுக்குடி எடுத்த?"

சொன்னேன். எல்லாவற்றையும். அம்மா கொடியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"ஒருத்தர அனுப்பிட்டு காலம் பூரா வாசலப் பாத்துக்கிட்டு இருந்தேன். இவனையும் அனுப்பணுமா?"

பிறகு அம்மாவே துண்டின் சுருக்கத்தை இழுத்து நீவிவிட்டாள்.

"காயட்டும். ஈரத்தோட போட்டுக்கிட்டு நிக்காத" என்றாள்.

அவன் மறுபடியும் சாம்பியன் ஆவானா? தெரியாது. தலை தாழ்ந்தே இருந்தாலும் காலம் திரும்புமா? உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். எனக்கு அவன் கண் போகும் இடம் மட்டும்தான் தெரியும்.

நாளை உங்களிடமிருந்து நேராகத் தோப்புக்குப் போவோம். படத்தை அவனுக்குக் காட்டுவேன். பிறகு அந்த முந்திரி மரத்தடியில், துண்டை வலது தோளில் போட்டுக்கொண்டு நிற்பேன். முதலில் என்னைப் பார்ப்பான். பார்க்கட்டும். அவன் என்னைப் பார்க்காமல் அடிக்கும் வரை தினமும் நிற்பேன். அப்படி அடித்த அன்று, பந்து எங்கே விழுந்தது என்று பார்த்துவிட்டு, துண்டைத் தோள் மாற்றுவேன்.

அதற்கு அடுத்த நாள் அவன் பையைக் கட்டுவான். நானே பஸ் ஏற்றிவிடுவேன் அப்பா. இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

கிறிஸ்துமஸுக்கு உங்களுக்காகக் காத்திருந்த,
உங்கள் சின்ன மகள்,
அருளின் தங்கை.