சாம்பிளுக்கு நிறுத்திய ஆளைப் பழுதில்லாமல் மீட்டுத் தர வேண்டி

அனுப்புநர்:
கே. ஆத்தப்பன்,
பனியன் ஏற்றுமதியாளர்,
பல்லடம் ரோடு, திருப்பூர்.

பெறுநர்:
உயர்திரு காவல் துணைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
திருப்பூர்.

பொருள்: எங்கள் கம்பெனி அயர்ன் மாஸ்டர் சுப்பையன் (வயது 31) மருந்துச் சோதனை முடியும் முன்பே காணாமல் போனது – கண்டுபிடித்து ஒப்படைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பிள்ளை பெற்றவர்களுக்கு என் நிலைமை புரியும் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

1. என் ஒரே மகன் சதீஷ்குமார் லண்டனுக்குப் படிக்கப் போய், கொக்கைன் பொடிப் பழக்கத்தோடு திரும்பி வந்தான். பெங்களூரில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தும் பலனில்லை. சுவரில் தலையை முட்டிக்கொள்கிறான். என் மனைவி தெய்வாத்தாள் அவன் அறை வாசலை விட்டு நகர்வதில்லை. இந்தப் பழக்கத்துக்கு இன்னும் சரியான மருந்து இல்லை என்றும், பொடிக்குப் பதிலாகக் கொடுக்கும் மாற்று மாத்திரை ஒன்றை வெளிநாட்டில் இப்போதுதான் சோதிக்கிறார்கள் என்றும் டாக்டர் சொன்னார். தெரிந்தவர் மூலம் அதில் இரண்டு டப்பா வரவழைத்தேன்.

2. சோதித்து முடியாத மருந்தை மகன் வாயில் போட எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? எங்கள் தொழிலில் முதலில் சாம்பிள் தைப்போம். துவைத்து, சுருங்குகிறதா, சாயம் போகிறதா என்று பார்ப்போம். ஓகே ஆன பிறகே மொத்தத் துணியை வெட்டுவோம். முப்பது வருடமாக நான் இந்த முறையை மீறியதில்லை. எனவே கம்பெனி ஆண்கள் அனைவரையும் எடை மெஷினில் ஏற்றிப் பார்த்து, மகனின் உயரமும் எடையும் ஒத்திருந்த சுப்பையனைத் தேர்ந்தெடுத்தேன். மூலனூர்ப் பக்கம். பீடி கூடப் பிடிக்காதவர்.

3. பழக்கமே இல்லாதவருக்கு மாற்று மாத்திரை கொடுத்து என்ன தெரியப்போகிறது? ஆகவே முதலில் பழக்கத்தை உண்டாக்க வேண்டியிருந்தது. பஞ்சுத் தூசியால் வரும் தும்மலுக்கு மருந்து என்று சொல்லி, மகனிடம் பிடுங்கி வைத்திருந்த பொடியையே நாற்பது நாள் மூக்கில் இழுக்கக் கொடுத்தோம். இதைத் தாங்கள் பெரிதுபடுத்த மாட்டீர்கள் என்று நம்புகிறேன். "தும்மல் நின்னு போச்சுங்க மொதலாளி, நீங்க நல்லா இருக்கோணும்" என்று அவரே என்னைக் கும்பிட்டார்.

4. பிறகு பொடியை நிறுத்தி மாத்திரையைத் தொடங்கினோம். மொத்தம் இருபத்தெட்டு நாள் கொடுக்க வேண்டும். தினமும் நானே பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். ஐந்தாம் நாள் ஒரே பனியனை நாலு முறை அயர்ன் செய்தார். ஒன்பதாம் நாள் உள்ளங்கை அயர்ன் பாக்ஸில் பட்டுப் புகைந்தும் கையை எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதித்துப் போய்விட்டார். இன்றோடு ஆறு நாள் ஆகிறது. மீதிப் பதினாறு நாளில் என்ன ஆகும் என்று தெரியாமல் என் மகனுக்கு எப்படி மாத்திரை தொடங்குவது? எனக்குச் சோறு இறங்கவில்லை ஐயா.

5. சுப்பையன் மனைவி மருதாள் தினமும் கேட்டில் வந்து நிற்கிறார். "என்னத்தைங்க குடுத்தீங்க? பெத்த புள்ளையைப் பாத்து யாருன்னு கேட்டாருங்க" என்கிறார். மரியாதையாகத்தான் பேசுகிறார்; அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. புள்ளையை அடையாளம் தெரியாமல் போனது எந்த நாள் என்று கேட்டேன். அழுகிறாரே தவிரச் சொல்ல மாட்டேன் என்கிறார். நோட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது. தாங்கள் விசாரித்தால் சொல்லுவார்.

ஆகவே, சுப்பையனைத் தேடிப் பிடிக்க உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பிடித்ததும் அடிக்க வேண்டாம். அடித்த வலி எது, மருந்தின் வலி எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும். உயிரோடு இல்லையென்றால் எத்தனையாவது நாள் என்பதை மட்டுமாவது தெரிவிக்க வேண்டும்.

தங்களுக்கு அவசரம் கொடுக்க விரும்பவில்லை. சுப்பையனைத் தேடி வந்த அவர் தம்பி மணியனை அண்ணன் மேசையிலேயே வேலைக்கு வைத்திருக்கிறேன். எடை மூன்று கிலோ குறைவு. மதியச் சாப்பாட்டில் முட்டையும் ஊத்துக்குளி நெய்யும் சேர்த்துச் சரிசெய்து வருகிறோம். நேற்று முதல் அவருக்கும் தும்மல் இருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
கே. ஆத்தப்பன்

இடம்: திருப்பூர்
நாள்: 14.11.2007

இணைப்பு: சுப்பையன் புகைப்படம், எடைச் சீட்டு, பன்னிரண்டு நாள் குறிப்பு.