உங்களைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை, அப்பா

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

நீங்கள் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வாசலில் யாராவது மொபட்டை நிறுத்தினால் நீங்கள்தான் என்று நிமிர்ந்து பார்க்கிறேன். பிறகுதான் நினைவு வருகிறது, வந்ததும் மறுபடி முதல் நாள்போல நெஞ்சு திக்கென்கிறது.

அன்று சனிக்கிழமை மதியம். இறையியல் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்து மூன்று நாளாக மனசுக்குள் வைத்திருந்ததை, நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் சொல்லிவிட்டேன். "அப்பா, எனக்கு ஊழியத்துக்குக் கர்த்தரோட அழைப்பு இருக்கான்னே தெரியல. ரெண்டு வருசமா ஜெபம் பண்ணிப் பாத்துட்டேன். ஒண்ணும் கேக்கல."

நீங்கள் கோபப்படவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "செத்த இரு அப்பு. மோட்டாரப் போட்டுட்டு வந்துர்றேன். உக்காந்து பேசுவோம்."

அரை மணி நேரத்தில் உங்கள் போனிலிருந்து வேறு யாரோ கூப்பிட்டார்கள். ஊராட்சி மோட்டார் அறை வாசலில் சுவரோடு சாய்ந்து கிடந்தீர்கள். சாவி பூட்டில் தொங்கியது. கதவைத் திறக்கக்கூட இல்லை. திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டு போனோம். சாணார்பட்டி தாண்டுவதற்கு முன்பே உங்கள் கை என் கைக்குள் குளிர்ந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். அன்று காலையில்கூடத் தண்ணீர்த் தொட்டியில் ஏறி இறங்கிய ஆள் நீங்கள்.

மறுநாள் காலை உங்களைக் குளிப்பாட்டுவதற்காகப் பெரியப்பா குழாயைத் திறந்தார். காற்று மட்டும் சீறியது. பக்கத்து வீட்டிலும் அப்படித்தான். கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் மோட்டார் போடவில்லை, அதனால் தொட்டி நிறையவில்லை. இருபத்திரண்டு வருடம் ஊருக்கே தண்ணீர் திறந்துவிட்ட மனிதரைக் குளிப்பாட்ட ஒரு குடம் தண்ணீர் இல்லை. மண்டையில் அடித்ததுபோல நின்றேன்.

அப்போது மேட்டுத் தெரு முத்துச்செல்வி அக்கா இடுப்பில் குடத்தோடு வந்தார். நம் சபைக்காரர்கூட இல்லை அவர். "குடிக்கப் புடிச்சு வச்ச தண்ணி. அண்ணனுக்கு ஊத்துங்க" என்றார். "எங்க தெரு மேடு. கடைசியா விட்டா ஏறாதுன்னு எங்களுக்குத்தான் மொதல்ல தெறப்பாரு. மத்த தெருக்காரங்க அம்புட்டுப் பேரும் வைவாக. சிரிச்சுக்கிட்டே போயிருவாரு." அவர் பின்னால் அந்தத் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு குடத்தோடு நின்றார்கள். வீட்டில் ஒருநாளும் இதை நீங்கள் சொன்னதில்லையே, ஏன் அப்பா?

அவர்கள் வீடுகளில் இனிக் குடிக்கத் தண்ணீர் இருக்காது என்பது எனக்குச் சட்டென்று உறைத்தது. யாரோ அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்திருந்த மோட்டார் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பெரியப்பா கையைப் பிடித்தார்.

"ஏலே, அப்பன் பொணம் கெடக்கையில எங்கிட்டுப் போற?"

"மோட்டார் போட்டுட்டு வாரேன் பெரியப்பா."

"கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு? ஊரு என்ன பேசும்?"

அம்மா தலை நிமிராமல் சொன்னாள்: "அவன விடுங்க. போயிட்டு வரட்டும்."

தொட்டி பாதி ஏறியதும் எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்று தெரியாமல் முழித்தேன். முத்துச்செல்வி அக்காதான் வந்து காட்டினார். மேட்டுத் தெருவுக்கு முதலில் திறந்தேன். ஜெபிக்க வார்த்தையே வரவில்லை. பிறகு வந்து உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்தேன். நான்கு மணிக்கு அடக்கம் முடிந்தது.

ஒரு வாரம் கழித்து அம்மாவிடம் கேட்டேன், அன்றைக்கு நீங்கள் திரும்பி வந்திருந்தால் எனக்கு என்ன சொல்லியிருப்பீர்கள் என்று. அவள் பதிலில் நான் இரண்டாம் முறை ஆடிப்போனேன்.

"என்னத்தச் சொல்லுவாரு? அவருக்கே தெரியாதேப்பா. நீ கைப்புள்ளையா இருக்கையில, ஊழியத்துக்குப் போகணும்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. கர்த்தர் வழி காட்டுற வரைக்கும் ஒரு ஆறு மாசம் இந்த வேலையப் பாப்போம்னுதான் சேந்தாரு. போன மாசங்கூட, 'கர்த்தர் இன்னும் ஒண்ணும் சொல்லலையே'ன்னாரு."

ஆறு மாதமா அப்பா? சபையில் எல்லாரும் எழுந்து சாட்சி சொல்லும்போது நீங்கள் குனிந்தே உட்கார்ந்திருப்பீர்கள். கூச்சம் என்று நினைத்திருந்தேன். எதற்காக இருக்கிறோம் என்று தெரியாமலேயே தினமும் ஐந்து மணிக்கு எப்படி எழுந்து போனீர்கள்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நானும் தனியாக இப்படிப் பயந்திருக்க மாட்டேனே.

ஊராட்சியில் வேறு ஆள் போடும்வரை என்னையே தண்ணீர் விடச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று கீழத் தெருக்காரர் ஒருவர், மேட்டுத் தெருவுக்கு ஏன் முதலில் விடுகிறாய் என்று நடுத்தெருவில் வைதார். உங்களைப்போல எனக்குச் சிரிக்க வரவில்லை. காது சூடேற நின்றேன். ஆனாலும் வரிசையை மாற்றவில்லை.

கல்லூரியிலிருந்து எப்போது வருகிறாய் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். எனக்கு அழைப்பு உண்டா என்று தெரியவில்லை, தெரிந்ததுபோல நடிக்கவும் முடியவில்லை, இந்த வருடம் வரவில்லை என்று இன்று பதில் எழுதப்போகிறேன். நம் சபைப் பாஸ்டருக்கு வருத்தம்தான். எனக்கும் பயம்தான்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. கர்த்தர் பேசும்வரை நான் காத்திருப்பேன். அதுவரை, குழாயடியில் குடத்தோடு நிற்கிறவர்களைக் காத்திருக்க வைக்கமாட்டேன்.

உங்கள் மூத்த மகன்,
சாமுவேல்