பக்கத்து வீட்டில் யார் வேண்டாம்

சித்திரை 28, செவ்வாய்

கச்சான் காற்று, ஒரே புழுதி. வாசலில் இருந்தவர்கள்: நான், மகள் பூமணி, மருமகன் தவராசா, பக்கத்து வளவு நேசம்மா, கேள்வி கேட்க வந்த பிள்ளை சுமதி.

ஆமிச் சென்றிக் காவலும் வாவியும் தாண்டித் தனியாக எங்கள் படுவான்கரைக்கு வந்திருக்கிறாள். நாடு நாடாக மனிதர் மனதைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். ஜப்பானிலும் இதே கேள்விகள்தான்.

மருமகன் முந்திக்கொண்டான். எதைக் கேட்டாலும், "ஓம், நல்லம். ஒரு பிரச்சினையும் இல்ல." ஆமி கேட்டாலும் இயக்கப் பொடியன்மார் கேட்டாலும் இங்கே அதுதான் பதில்.

"அண்ணன், வீட்டுக்கு ஒராள்தான். ஆருக்கு அடுத்துப் பிறந்தநாள் வருகுதோ அவர்" என்றாள் சுமதி.

நான் கண்ணகி அம்மன் குளிர்த்தியன்று பிறந்தவள். சடங்கு வைகாசியில். நான்தான்!

"அது வாயடங்காத மனிசி கா. வேற ஆளப் பாரு" என்றாள் நேசம்மா. இதையும் மறக்கமாட்டேன்.

பிள்ளை ஆளை மாற்றவில்லை. நாளை வருவாள்.

மாலையில் மருமகன், அடுத்த ஊரில் கேட்ட கேள்விகளை விசாரித்து வந்து: "மாமி, முஸ்லிம் ஆக்களப் பக்கத்தில வேணாமெண்டு சொல்லுங்க. மாறிச் சொன்னா பொடியன்மார் என்னைத்தான் கூப்பிடுவாங்க." பயம் அவனுக்கு. பாவம்தான்.

சித்திரை 29, புதன்

கருவாடு காயப்போட்டேன். பாதி காகத்துக்கு.

சுமதி எல்லோரையும் படலைக்கு வெளியே அனுப்பினாள், மருமகனையும்! என்ன துணிச்சல். நான் எதைச் சொன்னாலும் அவள் முகத்தில் மாற்றமில்லை. ஏன் என்றேன்.

"நான் தலையாட்டினா, எனக்குப் பிடிச்சதத்தான் சொல்லுவீங்க பெத்தாச்சி."

எங்கள் வயல்காரப் போடியாரிடம் நெல் அளந்து வாங்க ஒரு மரைக்கால், கொடுக்க ஒரு மரைக்கால். இவளிடம் ஒன்றே ஒன்று. எனக்கும் அதுதான், ஜப்பான்காரிக்கும் அதுதான். கெட்டிக்காரி.

பிறகு ஒரு அட்டையைக் காட்டினாள். பக்கத்து வீட்டில் யார் இருக்கக்கூடாது? குடிகாரர், வேறு சாதி, வேறு மதம்... மருமகன் படலையில் நின்று இருமினான்.

ஷெல் விழ ஓடிய நாள் நினைவுக்கு வந்தது. பூமணியின் மூத்தவனுக்கு உடம்பெல்லாம் நெருப்பாய்க் காய்ச்சல். முதலில் என் கூடப்பிறந்தவன் கதவைத் தட்டினோம். உள்ளே பேச்சு நின்றது, கதவு திறக்கவில்லை. ஏறாவூரில் கதீசா உம்மா திறந்தாள். கஞ்சி பருக்கினாள். அவள் மடியில்தான் பிள்ளை கடைசியாகக் கண் மூடினான்.

படலையில் நின்றவனுக்கும் கேட்கும்படி சொன்னேன்: "வேற மதம் பக்கத்தில வரட்டும். எனக்கு வேணும்."

சுமதி குறித்துக்கொண்டாள்.

"இதில உள்ள ஒருத்தரும் எனக்குப் பகையில்ல புள்ள. வேண்டாதவன் ஒருத்தன்தான். பேரை எழுது."

"பேருக்கு இடமில்ல பெத்தாச்சி. எந்த நாட்டிலயும் இல்ல."

சித்திரை 30, வியாழன்

மருமகன் முகம் கொடுக்காமல் வயலுக்குப் போனான். பூமணி என் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். சுமதி சென்றி தாண்டிச் சேர்ந்திருப்பாள். சேர வேண்டும்.

எந்த நாட்டிலும் இடமில்லையாம். இந்தக் கொப்பியில் இருக்கிறது.

என் தம்பி மயில்வாகனம்.