நூறு டிகிரி மிஸ்

செவ்வாய், ராத்திரி.

மனசு ஆறவே இல்லை. இன்னிக்கு ஏழாவது பி-யில வெப்பப் பாடம். மேஜை மேல ஸ்டவ்வுல தண்ணியைக் கொதிக்க வெச்சு, குழு குழுவா வந்து தெர்மாமீட்டரைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். எல்லாக் குழுவும் "நூறு டிகிரி மிஸ்"னு அடிச்சுச் சொல்லுது. அந்தத் தெர்மாமீட்டர் பழுது. தொண்ணூத்தேழுக்கு மேல ஏறவே ஏறாது. அது எனக்குக் காலையிலேயே தெரியும். நிஜமாவே பார்த்துச் சொல்றாங்களான்னு தெரிஞ்சுக்க வேணும்னேதான் வெச்சேன்.

இந்தப் பாடத்தை முன்னாடியே முடிச்ச ஏ செக்‌ஷன் பிள்ளைங்க சொல்லிக் குடுத்திருக்குமோ? இல்லை, பாதிப் பேர் சாயங்காலம் போற அந்த மந்தைவெளி டியூஷன் சார் வேலையா? ஒரு பிள்ளைகூடத் தெர்மாமீட்டரைப் பார்க்கவே இல்லையோ? சந்தேகம் தாங்காம, பொய் சொல்லத் தெரியாத ஷெரினை மட்டும் சாப்பாட்டு நேரத்துல தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பார்த்தேன் மிஸ். தொண்ணூத்தேழுதான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன்டி நூறுன்னே?"

"தண்ணி நூறுலதானே மிஸ் கொதிக்கும்? நேத்து நீங்கதானே சொன்னீங்க."

போய்ச் சாப்பிடுன்னு அனுப்பிட்டேன்.

தினமும் பாடம் முடிச்சதும் "புரிஞ்சுதா?"ன்னு கேக்கறேன். ஒருத்தர் விடாம "புரிஞ்சுது மிஸ்"ங்கறாங்க. நானும் நம்பி, போர்டை அழிச்சுட்டு வந்துடறேன்.