துக்கத் துணியோடு வந்த சாட்சி

1986 ஜூலை 14
குளிர்காலம். லுங்கிசாவுக்குத் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். கொலையாம். வெள்ளைக்கார அரசாங்கத்துக் கவுன்சிலரை அடித்துக் கொன்ற கூட்டத்தில் என் பேரனும் நின்றான், நின்றதே போதுமாம். எங்கள் வக்கீல் டியானி கோர்ட் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, இனிமே தூக்குக் கயித்தைத் தடுக்கத்தான் பாக்கணும். அவன் பக்கம் கொஞ்சம் நியாயம் காட்டினா, ஜெயிலோட போகும்."

யாரை வைத்துக் காட்டுவது? செத்தவன் பெண்டாட்டி நொசிசாவை வைத்தாம்.

ஜூலை 15
போக மாட்டேன்.

ஜூலை 17
போனேன். 1968-ல் குழாயடியில் நொசிசா, என் இடுப்பில் இருந்த லுங்கிசாவைப் பார்த்து "அப்பன் பேர் தெரியாத பிள்ளை" என்றாள். பச்சைத் துணி தலையில் கட்டியிருந்தாள். நான் மறந்தவள் இல்லை.

இப்போது தலை முதல் கால்வரை கறுப்பு. கதவுக்குப் பின்னால் பாயில் இருந்தாள். துக்கக்காரி குரல், பக்கத்தில் போனால்தான் கேட்கும்.

"டியானி அனுப்பினாராக்கா?"

"பின்ன நானாவா வருவேன்?"

"வர மாட்ட. தெரியும்." கறுப்புத் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "ஜன்னல்லேருந்து பாத்தேன். உன் பேரன் எங்க வீட்டு கேட் பக்கத்துல நின்னு அழுதுக்கிட்டிருந்தான். கை ஓங்கல. பாத்ததைச் சொல்றேன். உனக்காக இல்ல."

"எனக்காக ஒண்ணும் வேண்டாம்."

டீ கொடுத்தாள். தொடவில்லை.

ஜூலை 28
எப்படிப்பட்ட பையன் என்று டியானி கேட்டார். கூண்டில் நின்று நொசிசா சொல்கிறாள்: "அப்பன் இல்லாம வளந்த பிள்ளை. யார் கூப்பிட்டாலும் பின்னாடி போகும்."

அதே வாய். அதே பேச்சு. நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நம்புங்கய்யா, அவ சொல்றதை நம்புங்கய்யா என்று மனசுக்குள் கெஞ்சுகிறேன்.

கேட் பக்கத்தில் நின்று அழுததையும் சொன்னாள். ஜட்ஜ் "சத்தமா" என்றார். எப்படி ஏறும் சத்தம்? புருஷன் போய் வருஷம் திரும்பும்வரை எங்கள் பெண்கள் குரலை உயர்த்தக் கூடாது. டியானி எழுந்து எங்கள் வழக்கத்தை எடுத்துச் சொன்னார். கூட இருந்த வெள்ளைக்கார வக்கீலும் சொன்னார்.

"இது கோர்ட்" என்றார் ஜட்ஜ்.

நொசிசா என்னைப் பார்த்தாள். கத்தித் தொலையேன்டி — நினைத்தேன், ஆமாம். அவள் கத்தவில்லை.

ஆகஸ்ட் 4
ஜட்ஜ் சொல்கிறார், சாட்சி குரலே எழாமல் பயந்து பயந்து பேசினாளாம். ஊர்க்காரர்கள் மிரட்டி அனுப்பியிருக்கிறார்களாம். அதனால் தூக்கு.

கீழே இறக்கிக் கொண்டுபோகும்போது லுங்கிசா திரும்பி, "பாட்டி, சாப்பிட்டியா?" என்றான்.

டியானி கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடினார். ஜட்ஜின் பேரை எழுத மாட்டேன். எழுதித்தான் ஞாபகம் வைக்க வேண்டுமா?

நவம்பர் 22
துக்க வருஷம் முடிந்து நொசிசா கறுப்புத் துணியை எரித்தாள். கூப்பிட்டிருந்தாள். போகவில்லை. புகை இங்கே வந்தது.

1987 மே 9
அப்பீலும் போயிற்று. டியானி கதவைத் தட்டாமல் வெளியிலேயே நின்றிருந்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

செப்டம்பர் 12
நேற்றுக் காலையில் பிரிட்டோரியா ஜெயிலில் முடித்துவிட்டார்கள். உடம்பைத் தர மாட்டார்களாம்.

குழாயடிக்குப் போனேன். தண்ணீர் வேண்டுமே. நொசிசா வரிசையில் நின்று, தெருக்கோடி வரை கேட்கிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான் பாத்தேன். அந்தப் பிள்ளை கேட் பக்கத்துல நின்னு அழுதான். கை ஓங்கல."

வாளியைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குப் பின்னால் நின்றேன்.